ஊசிக்குழியில் ஒரு பித்தளைத் துண்டு: பினாங்கில் சிங்கர் 29கே ஒன்றின் பழுது ஆய்வு

பழைய தையல் இயந்திரம் பழுதுக்கு வரும்போது பெரும்பாலும் ஒரு தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது: "தேய்ந்துவிட்டது, இனி உதவாது." ஜார்ஜ்டவுனில் பினாங்கு ஸ்திரீட்டை ஒட்டிய சந்தில் தோல் வேலையும் பை தைப்பும் செய்யும் கடையிலிருந்து வந்த சிங்கர் 29கே இயந்திரத்துக்கும் அதே தீர்ப்புதான். பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றே சொன்னார்கள். பல் போய்விட்டது, பாதம் போய்விட்டது, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்றார்கள்.

அந்த இயந்திரம் இப்போது நன்றாகத் தைக்கிறது. செய்த வேலையை முழுமையாக எழுதி வைக்கக் காரணம், தேய்மானம் என்று ஒதுக்கப்பட்டதில் பாதி முந்தைய பழுதுபார்ப்புகளின் விளைவு என்பதுதான். ஒருவர் செய்த திருத்தத்தின் மேல் இன்னொருவர் திருத்தம் செய்திருக்கிறார். அதன் மேல் மூன்றாமவர். உண்மையான தேய்மானமும் உண்டு. ஆனால் மனிதர் கை வைத்த இடங்களையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே அதை அளக்க முடியும். இந்த வரிசையை நம் தொழிலில் பலர் மதிப்பதில்லை. அதனால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய இயந்திரங்கள் எடைக்குப் போகின்றன என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இயந்திரமும் அது செய்யும் வேலையும்

29கே தையல்காரர் சட்டை தைக்கும் இயந்திரம் அன்று. செருப்பு, பை, தோல் சாமான் ஆகியவற்றுக்கு ஒட்டுப்போட என்றே சிங்கர் நிறுவனம் உருவாக்கிய வகை. எண்ணுக்குப் பின்னால் வரும் 'கே', ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கிறது. 1885இல் முழுவதுமாகக் கட்டி முடிக்கப்பட்ட அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. ஆகவே புதிய அசல் உதிரிபாகத்துக்கு இன்று வழியில்லை. பழைய இயந்திரம் ஒன்றைப் பிரித்து எடுக்க வேண்டும். அல்லது இதே வடிவத்தில் சீனாவில் செய்யப்படும் பிரதி இயந்திரங்களின் பாகத்தை வாங்கிப் பொருத்திப் பார்க்க வேண்டும். இந்த இயந்திரத்தின் தொடர் எண் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் இரட்டை எழுத்து வரிசையைச் சேர்ந்தது. கில்போவியில் அந்த வரிசை 1930களின் நடுவில்தான் தொடங்கியது என்பதால், அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

இதன் இயக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் பழுதைப் புரிந்துகொள்ள முடியாது. வழக்கமான தையல் இயந்திரத்தில் துணியை நகர்த்துவது தட்டுக்கு அடியில் இருக்கும் பல்வரிசை. 29கேயில் அடியில் அப்படி எதுவும் கிடையாது. மேலிருந்து அழுத்தும் பாதமே தோலைப் பிடித்து ஒரு தையல் தூரம் நகர்த்துகிறது. பிறகு தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பி மீண்டும் பிடிக்கிறது. அந்தப் பாதத்தை முழு வட்டத்தில் எந்தத் திசைக்கும் திருப்பலாம். கீழே இருக்கும் கை செருப்புக்குள் நுழையும் அளவுக்கு ஒல்லியானது. பொருளைத் திருப்ப முடியாத இடத்தில் பாதத்தைத் திருப்பித் தைக்கிறோம். ஒல்லியான கைக்குள் இடம் குறைவு என்பதால், நீண்ட பல்தண்டு ஒன்று முன்னும் பின்னும் ஓடி, முனையிலுள்ள சின்னப் பல்சக்கரத்தைத் திருப்ப, அது கீழ்நூலைச் சுமக்கும் படகு வடிவ ஷட்டிலை ஆட்டுகிறது. இந்த இயந்திரத்தின் பலமும் பலவீனமும் அந்தப் பல்தண்டில் இருக்கின்றன.

கடையின் அன்றாட வேலை புத்தகப்பை ஜிப், செருப்பு வார், கைப்பைக் காது. தைப்பூசம் நெருங்கும்போது வேலை மாறிவிடும். காவடிச் சட்டம் இடுப்பில் உறுத்தாமல் உட்கார, உள்ளே பஞ்சு வைத்துத் தோலும் வெல்வெட்டும் சேர்த்துத் தைத்த அகலமான இடுப்பு வார்களுக்கு ஆட்கள் வருவார்கள். உறுமி மேளக் குழுக்களுக்குத் தோள்வார் வேண்டும். பினாங்கின் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர் மணிக்கணக்கில் நடந்து, ஆடி, படியேற வேண்டும். வழியில் வார் பிரிந்தால் அது சின்ன விஷயம் இல்லை. கடையை நடத்தும் அக்கா இதைத் தம் தந்தையிடமிருந்து கற்றவர். தையல் விடும் இயந்திரத்தில் தைத்த வாரை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று முந்தைய தைப்பூசத்து வேலை முழுவதையும் கையாலேயே தைத்து முடித்திருந்தார். அவர் விரல்களைப் பார்த்தபோதே இந்த இயந்திரத்தை எப்படியும் எழுப்பிவிட வேண்டும் என்று தோன்றியது.

புகார்

தையல் நீளம் போய்விட்டது. அளவைக் கடைசிவரை இழுத்து வைத்தாலும் ஓர் அங்குலத்துக்கு ஒன்பது தையல் விழுந்தது. நல்ல நிலையில் உள்ள 29கே ஏறக்குறைய ஐந்து தையல் போடும். நெருக்கமான தையல் பார்வைக்கு உறுதியாகத் தெரியலாம். தோலில் அது கெடுதல். ஊசித்துளைகள் நெருங்கினால் தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

அடுத்தது, தையல் விடுதல். மெல்லிய தோலில் ஓரளவு ஓடும். பஞ்சு வைத்த வாரில் விட்டு விட்டு விழும். பாதத்தை இடப்பக்கம் திருப்பினால் நிச்சயம் விடும். மேல்நூல் பிசிறி அறுந்தது. ஊசி உடைவதும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடும்போது ஒரு கடகடப்பு.

கழுவுவதற்கு முன்

வந்தவுடன் மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. நான் அதற்கு எதிரானவன். அழுக்கு ஒரு சாட்சி. எந்தத் திருகாணியின் தலை பளபளக்கிறது, எதன் பள்ளம் சிதைந்திருக்கிறது, எதன்மேல் பிசுக்கு அசையாமல் படிந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் யார் எங்கே கை வைத்தார்கள் என்பது தெரிந்துவிடும். கழுவிய பிறகு எல்லாத் திருகாணிகளும் ஒரே மாதிரி இருக்கும்.

இங்கே பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டும் திருகு பலமுறை திருப்பப்பட்டிருந்தது. ஊசியைப் பூட்டும் சின்னத் திருகாணியின் தலை உருண்டு போயிருந்தது. பாதத்தின் அடிப்பல்லை யாரோ அரத்தால் ராவிக் கூராக்கியிருந்தார்கள். ஷட்டில் மூடியின் திருகாணி அளவு பொருந்தாத வேறொன்று. சிங்கர் திருகாணிகளின் மரை அந்த நிறுவனம் தனக்கென வைத்துக்கொண்ட அளவு. வன்பொருள் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் திருகாணியை வலிந்து ஏற்றினால் இரும்பில் உள்ள மரை கெட்டுவிடும். இதற்கு நேர்மாறாக, தலைக்குள் பாதத்தை அசைக்கும் நெம்புகோலின் அச்சில் பழைய பிசுக்கு பல்லாண்டுக் கறுப்போடு அப்படியே இருந்தது. அங்கே யாரும் தொட்டதே இல்லை. பார்த்தவர்கள் அனைவரும் "பாதம் தேய்ந்துவிட்டது" என்று சொன்ன இயந்திரத்தில், பாதத்தை இயக்கும் பாகத்தை ஒருவரும் கழற்றிப் பார்க்கவில்லை.

அடுத்து, ஷட்டிலின் ஆட்டத்தை அளந்தேன். கைச்சக்கரத்தை அக்கா அசையாமல் பிடித்துக்கொண்டார். ஷட்டிலை விரலால் முன்னும் பின்னும் ஆட்டினேன். அதன் கூர்முனை மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் நகர்ந்தது. ஒரு மில்லிமீட்டர் அளவு ஆட்டத்தோடு இந்த இயந்திரம் ஆண்டுக்கணக்கில் தைக்கும். மூன்று என்பது அதிகம். ஆக, ஷட்டிலை ஓட்டும் பல் தேய்ந்தது உண்மை. அந்த ஒரு உண்மையில் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

எனக்கு உறுத்தியது வேறு. மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பின்னும் பூட்டுத்தையல் போடும் இயந்திரம் எதுவானாலும், ஊசி அடிமட்டத்தைத் தொட்டுச் சுமார் இரண்டு மில்லிமீட்டர் எழும்பும்போது நூல் ஊசிக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணியாகப் பிதுங்கும். ஷட்டில் முனை அந்த நேரத்தில், ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலே வந்து கண்ணியைப் பிடிக்க வேண்டும். பல்லில் மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் ஷட்டில் தாமதமாக வரும். அதற்குள் ஊசி மேலே போய்விடும். முனை கண்ணுக்குக் கீழே கடந்துபோகும். எந்தத் துணியிலும் ஒரு தையல்கூட விழக்கூடாது. ஆனால் இது மெல்லிய தோலில் தைக்கிறது. எப்படி?

பித்தளைத் துண்டு

ஊசியைக் கழற்றி, அது பொருந்தும் குழிக்குள் மெல்லிய கம்பியை விட்டு ஆழத்தை அளந்தேன். ஊசியின் தண்டு உள்ளே போயிருந்த நீளத்தோடும், ஊசித்தண்டின் வெளிப்புறத்தில் தெரியும் குழியின் உயரத்தோடும் அது ஒத்துவரவில்லை. குழியின் மேல்முனையை ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. முதலில் இறுகிய பிசுக்கு என்றே நினைத்தேன். மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, சாலிடரிங் சூட்டுக்கோலால் ஊசித்தண்டை மிதமாகச் சூடாக்கி, வளைத்த குண்டூசியால் சுரண்டியபோது அது மொத்தமாக நழுவி உள்ளங்கையில் விழுந்தது. பித்தளைக் கம்பியில் வெட்டிய ஒரு துண்டு. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர். இரு முனைகளும் சமமாக ராவப்பட்டிருந்தன. ஒரு முனையின் விளிம்பு லேசாகச் சாய்த்து மழுக்கப்பட்டிருந்தது, குழிக்குள் சிக்காமல் ஏற வேண்டும் என்பதற்காக. சுற்றிலும் பாசிப் பச்சை.

யாரோ ஒரு மெக்கானிக், பல் தேய்ந்து ஷட்டில் தாமதமாவதைக் கண்டிருக்கிறார். பல்சக்கரம் கிடைக்காத காலமாக இருக்கலாம், வாங்கக் காசில்லாத காலமாகவும் இருக்கலாம். ஊசியை ஒன்றரை மில்லிமீட்டர் கீழே இறக்கினால், ஷட்டில் தாமதமாக வந்தாலும் ஊசிக்கண் இன்னும் கீழேயே இருக்கும், கண்ணி அகப்படும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஊசியைக் கீழே இழுத்துப் பூட்டினால் மட்டும் போதாது. தோலில் குத்தும்போது மேலே ஏறிவிடும். அதனால் மேலே ஒரு முட்டு வைத்திருக்கிறார். நல்ல மூளை. அந்தக் கைக்கு என் மரியாதை உண்டு. இந்தத் துண்டினால் இயந்திரம் இத்தனை ஆண்டுகள் சோறு போட்டிருக்கிறது.

எத்தனை ஆண்டுகள் என்பதற்கு அந்தப் பச்சை விடை சொன்னது. இந்தக் கடையில் எண்ணெய் என்ன ஊற்றுவீர்கள் என்று அக்காவைக் கேட்டேன்.

"அப்பா இருந்தவரை தேங்காய் எண்ணெய்தான், தம்பி. விளக்குக்கு வாங்குவதிலேயே இதற்கும் ஊற்றுவார். மெஷின் எண்ணெய் வாங்க ஆரம்பித்தது நான் உட்கார்ந்த பிறகு."

தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் கெட்டு, அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் பிரிகின்றன. பித்தளையில் உள்ள செம்போடு அவை சேர்ந்தால் இந்தப் பச்சை பிடிக்கும். தையல் இயந்திரத்துக்கென்று விற்கும் மெல்லிய கனிம எண்ணெய் இப்படிச் செய்யாது. ஆக, பித்தளைத் துண்டு அக்காவின் தந்தை காலத்தது. அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு பழுதுபார்ப்பும் உள்ளே இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே நடந்திருக்கிறது. அதற்குப் பின் நடந்தவை எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன.

ஊசி ஒன்றரை மில்லிமீட்டர் ஆழமாக இறங்கியதால் அதன் நுனி ஷட்டிலைத் தாங்கும் பாகத்தை உரசியது. அங்கே ஒரு கீறல் தெளிவாக இருந்தது. ஷட்டிலின் ஓரத்தில் சொரசொரப்பான பிசிர் எழும்பியிருந்தது. அந்தப் பிசிர் நூலைச் சுரண்டியது. நூல் அறுந்தது. நூல் அறுகிறதே என்று கடையில் தடித்த நூலுக்கு மாறினார்கள்: 210 டெனியர் (இழையின் கனத்தைக் குறிக்கும் அளவு) மூன்று இழை இருந்த இடத்தில் 420 டெனியர் மூன்று இழை. அதாவது கனம் இருமடங்கு. அதற்கேற்ப 18ஆம் எண் ஊசி 22 ஆனது. தடித்த நூல் ஷட்டிலைச் சுற்றி வரும்போது இழுப்பு அதிகம். அந்த இழுப்பைத் தாங்குவது ஏற்கெனவே தேய்ந்த பல். ஆட்டம் கூடியது. தையல் மறுபடி விடத் தொடங்கியது. தோல் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து இன்னொருவர் பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டி, அதன் பல்லையும் கூராக்கினார். பஞ்சு வைத்த வாரில் அந்த அழுத்தமே எதிரியானது. பாதம் திரும்பி வருவதற்காகத் தூக்கும்போது, அமுங்கியிருந்த பஞ்சு கூடவே எழும்புகிறது. பாதம் வாரை விட்டு முழுதாக விலகாமல் அதைப் பின்னுக்கும் கொஞ்சம் இழுத்துவிடுகிறது. தையல் நீளம் குறைந்ததற்கு இது ஒரு காரணம்.

பித்தளைத் துண்டை எடுத்துவிட்டு ஊசியை அதற்குரிய உயரத்தில் பூட்டினேன். எதிர்பார்த்தபடி இயந்திரம் ஒரு தையலும் போடவில்லை. பதறவேண்டியதில்லை, மறைந்திருந்த நோய் வெளிப்பட்ட நிலை இது. இப்போதுதான் பல்லின் உண்மையான தேய்மானத்துக்கு மருந்து பார்க்கலாம்.

பல்சக்கரமும் ஷட்டிலும்

இது சீக்கிரம் முடிந்த வேலை. சீனப் பிரதி இயந்திரங்களுக்கு வரும் சின்னப் பல்சக்கரம் இந்த 29கேக்குப் பொருந்தியது. சில பத்து வெள்ளிதான் (ரிங்கிட்) விலை. வார்ப்பிலும் வெட்டிலும் வந்த பிசிர்களை ஒவ்வொரு பல்லிலும் நைசான அரத்தால் எடுத்துவிட்டே பொருத்த வேண்டும். அப்படியே மாட்டினால் அந்தப் பிசிர் பல்தண்டைத் தின்னும். சக்கரம் மாறியதும் ஷட்டில் முனையின் ஆட்டம் மூன்று மில்லிமீட்டரிலிருந்து ஒன்றேகாலுக்கு இறங்கியது. மீதமுள்ளது பல்தண்டின் தேய்மானம். தண்டு எப்போதும் ஒரே சில பற்களின்மேல் ஓடுவதால் அந்த இடம் மட்டும் மெலிந்திருக்கிறது.

ஷட்டிலின் பிசிரை ஆயிரம் எண் உப்புத்தாளில் தொடங்கி இரண்டாயிரத்தில் முடித்து, பிறகு பருத்திக் கயிற்றில் பாலிஷ் பசை தடவி இழுத்தேன். கூர்முனையை மட்டும் தொடவில்லை. முனையை மழுக்கினால் ஷட்டிலைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

பாதத்தை அசைக்கும் நெம்புகோல்

எல்லாரும் பழித்த பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்திப் பார்த்தபோது, பஞ்சு வாரில் ஒன்பது தையல் எட்டானது. இந்த ஒன்று, முழுக்க முழுக்கக் கையால் வந்த குறை. மீதி எங்கே?

29கேயில் பாதத்தண்டைச் சுற்றி ஒரு வளையம் மேலும் கீழும் போகிறது. பாதத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு சிறு முக்கோண நெம்புகோலின் முனை அந்த வளையத்தில் உரசி, செங்குத்து அசைவைப் படுக்கை அசைவாக மாற்றிப் பாதத்தை உதைக்கிறது. வளையமும் நெம்புகோலும் உரசும் இடத்தில் அரை மில்லிமீட்டர் தேய்ந்தாலும், நெம்புகோல் அதைப் பெருக்கிப் பாதத்தில் காட்டும். 29கே இயந்திரங்கள் வயதாகும்போது தையல் சுருங்குவதற்கு வழக்கமான காரணம் இதுவே. யாரும் தொடாத அந்தப் பிசுக்கைத் துடைத்து நெம்புகோலை எடுத்துப் பார்த்தேன். முனையில் நகம் பதிக்கக்கூடிய ஒரு பள்ளம்.

புதிய நெம்புகோல் வாங்கலாம். பிரதிகளின் பாகத்தை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன், அச்சுத்துளையின் இடமே சற்று விலகியிருந்தது. பிறையில் எனக்குத் தெரிந்த சீனர் ஒருவரின் கடைசல் பட்டறையில் பழைய நெம்புகோலின் பள்ளத்தை வெண்கலக் கம்பியால் பற்றவைத்து மேடாக்கிக்கொண்டேன். எஃகால் நிரப்பலாமே என்று அவர் கேட்டார். வெண்கலம்தான் வேண்டும் என்றேன். எஃகு வளையத்தில் உரசும்போது வெண்கலம் தானே தேய்ந்து வளையத்தைக் காப்பாற்றும். நெம்புகோலைக் கழற்றி மறுபடி நிரப்புவது எளிது, வளையத்தைச் சரிசெய்வது அவ்வளவு எளிதில்லை.

மேடாக்கிய இடத்தை உருவத்துக்குக் கொண்டுவருவது அரத்தின் வேலை, பொறுமையின் வேலை. வளையத்தில் நீல மையைத் தடவி, நெம்புகோலை மாட்டி, கைச்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால் வெண்கலத்தில் மை ஒட்டிய புள்ளி தெரியும். அந்தப் புள்ளியை மட்டும் ராவ வேண்டும். மறுபடி மை, மறுபடி மாட்டு. முதலில் ஒரு மூலையில் குண்டூசித் தலை அளவு நீலம். பிறகு அது நகர்ந்து நடுவுக்கு வருகிறது. பிறகு கோடாக நீள்கிறது. முனையின் அகலம் முழுக்க நீலம் சீராக ஒட்டியபோது நிறுத்தினேன். இன்னும் ராவினால் கொஞ்சம் மென்மையாக ஓடுமே என்ற ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் சேர்த்த தடிமன் மறுபடி தூளாகப் போய்விடும்.

இதற்குப் பின் அதே வாரில், அதே அளவில், அங்குலத்துக்கு ஆறு தையல். ஐந்து வரவில்லை. மேலே உள்ள பெரிய நெம்புகோலின் அச்சிலும் அதை ஓட்டும், கேம் எனப்படும் சுழல்வடிவிலும் இருக்கும் தேய்மானத்தை எடுக்க இயந்திரத்தையே பிரிக்க வேண்டும்; ஆறு தையலில் தோல் வார் நன்றாக நிற்கும்போது அதற்குத் தேவையில்லை என்பது என் முடிவு, அக்காவும் ஒப்புக்கொண்டார்.

மோட்டார்

இயந்திரம் வந்தபோது ஒரு கிளட்ச் மோட்டாரில், அதாவது எப்போதும் சுற்றிக்கொண்டே இருந்து மிதித்தால் மட்டும் இயந்திரத்தோடு இணையும் மோட்டாரில், மாட்டப்பட்டிருந்தது. நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த மோட்டார்கள் நிமிடத்துக்குச் சுமார் 2850 சுற்றுச் சுற்றும். கால் வைத்தவுடன் பாய்ந்து போகும். ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்கு நேர்க்கோட்டுத் தையல் போடும் வேகமான இயந்திரங்களுக்கு அது சரி. அவற்றில் எண்ணெயைத் தானே மேலேற்றும் பம்பு உண்டு. 29கேயில் எண்ணெய் கையால் துளைத்துளையாக விட வேண்டும். ஆடும் ஷட்டில், முன்னும் பின்னும் ஓடும் தண்டு, தாவும் பாதம் எல்லாம் ஒவ்வொரு தையலுக்கும் நின்று திசை மாறுபவை. வேகம் கூடினால் திசை மாறும் ஒவ்வொரு முறையும் பல்லில் அடி விழும். அந்தக் கடகடப்பு அதுதான்.

மிதிக்கும்போது மட்டும் சுற்றும் சர்வோ மோட்டாரோடு வேகம் குறைக்கும் கப்பி வைத்துக் கொடுப்பது ஒரு வழி. நிற்கும்போது மின்சாரமும் அதிகம் செலவாகாது. அக்காவின் கடைக்குப் பின்னால் பழைய வார்ப்பிரும்புக் கால்மிதி அப்படியே கிடந்தது. ஜார்ஜ்டவுனில் இந்தக் கால்மிதிகள் எத்தனையோ காப்பிக் கடை மேசைக்குக் காலாகிவிட்டன, இது தப்பியிருந்தது. அச்சுகளைக் கழுவி எண்ணெய் விட்டு, புதிய தோல் பெல்ட் கட்டினேன். காவடி வார் ஒன்றின் வளைவில் ஒரே ஒரு தையல் முன்னே போய் நிற்க வேண்டிய வேலைக்குக் கால்மிதியின் கட்டுப்பாடு எந்த மோட்டாரிலும் கிடைக்காது என்பது என் அனுபவம். அக்காவின் மகன் மோட்டார்தான் வேண்டும் என்றான். ஒரு வாரம் மிதித்துப் பார்த்துவிட்டுச் சொல் என்றேன். இப்போது மிதிக்கிறான்.

வெளிப்புறத்துக்கு வர்ணம் அடிக்கச் சொன்னவர்களும் உண்டு. நான் சம்மதிக்கவில்லை. கறுப்புப் பூச்சு பல இடங்களில் தேய்ந்திருக்கிறது, தங்க எழுத்தில் பாதிதான் மிச்சம். ஆனால் மிச்சமிருப்பது அசல். மெஷின் எண்ணெய் தொட்ட பஞ்சால் மட்டும் துடைத்தேன். ஸ்பிரிட் கொண்டு துடைத்தால் எழுத்தின் மேலுள்ள அரக்குப் பூச்சு கரைந்து தங்கமும் கையோடு வந்துவிடும்.

தைத்துப் பார்த்ததும் அதற்குப் பின்னும்

சோதனைக்கு வேறு துண்டு எடுக்கவில்லை. புகார் வந்த அதே வகை வார்: இரண்டு பக்கமும் தோல், நடுவில் பஞ்சு. 210 டெனியர் மூன்று இழை நூலுக்குத் திரும்பினோம், 18ஆம் எண் ஊசி. மேலிருந்து தண்டின் நடுத்துளை வழியே நூலை இழுக்கும் நீண்ட கொக்கிக் கம்பி கடையில் தொலைந்துபோயிருந்தது. எஃகுக் கம்பியில் புதிதாக ஒன்று வளைத்துக் கொடுத்தேன். பாதத்தை நான்கு திசைக்கும் திருப்பித் தைத்தோம். முன்னால், பின்னால், வலப்பக்கம், எல்லாம் விடாமல் விழுந்தது. இடப்பக்கம் தைக்கும்போது மட்டும் வாரின் தடித்த மூலையில் எப்போதாவது ஒரு தையல் விட்டது. 20ஆம் எண் ஊசி போட்டதும் அதுவும் நின்றது. பெரிய ஊசி தோலில் துளையை அகலமாக்குவதால் நூல் இறுகாமல் கண்ணி தாராளமாகப் பிதுங்கும்.

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, மேசை இழுப்பறையின் உட்பக்கத்தில் ஒட்டினேன்: என்ன ஊசி, என்ன நூல், எங்கெங்கே எண்ணெய்த் துளை, பல்சக்கரம் மாற்றியது, ஷட்டில் ஆட்டம் இப்போது எவ்வளவு, நெம்புகோலில் வெண்கலம் வைத்தது, பாதத் திருகு எத்தனை மரை வெளியே தெரிய வேண்டும். பித்தளைத் துண்டையும் சிறு பொட்டலத்தில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி அங்கேயே வைத்திருக்கிறேன். எனக்குப் பின் இதைத் திறக்கப்போகிறவர், உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமல் கை வைக்கக்கூடாது. இந்தப் பழக்கம் நம் பட்டறைகளில் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஒரு தாளும் பேனாவும் இருந்திருந்தால் இந்த இயந்திரத்தில் பாதி வேலை தேவைப்பட்டிருக்காது.

சீனப் பிரதி இயந்திரம் சில நூறு வெள்ளிக்குப் புதிதாகக் கிடைக்கும்போது இவ்வளவு உழைப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் நேரானது. எப்போதாவது ஒரு பை தைப்பவருக்கு அது போதும். வாங்கிப் பிசிர் எடுத்து ஓட்டலாம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். தினமும் எட்டு மணி நேரம் தைக்கும் கடைக்கு அந்த வார்ப்பும் அச்சுகளும் தாங்காது. கில்போவியின் எஃகு இத்தனை ஆண்டு தேங்காய் எண்ணெயையும் கிளட்ச் மோட்டாரையும் தாங்கிக்கொண்டு, இன்னும் ஆறு தையல் போடுகிறது.

தைப்பூசம் முடிந்தபின் போய்ப் பார்த்தேன். அந்தப் பருவத்து வார்கள் முழுவதும் இதில்தான் தைக்கப்பட்டன; திரும்பி வந்தது எதுவும் இல்லை என்றார் அக்கா. ஷட்டிலின் ஆட்டம் அதே ஒன்றேகால். நெம்புகோலின் வெண்கல முனையில் உரசிய பளபளப்பு சீராக இருந்தது, பள்ளம் விழவில்லை. ஊசியைப் பூட்டும் திருகாணி மட்டும் இன்னும் பழையதே. அதன் தலை உருண்டிருப்பதால் ஊசி மாற்றும்போது திருப்புளி நழுவுகிறது, பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து சிங்கர் மரையுள்ளதாக எடுத்துத் தர வேண்டும். பல்தண்டை அடுத்த தைப்பூசத்துக்கு முன் மாற்றிவிடலாம் என்று பேசியிருக்கிறோம். பட்டர்வர்த்தில் உடல் உடைந்த 29கே ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள்; அதன் தண்டு தேறினால் அதையே போடுவேன். தேறாவிட்டால் பிரதித் தண்டு வாங்கி, வெட்டுப்படாத முனையில் அரத்தை ஒரு இழுப்பு இழுத்துக் கடினம் பார்த்த பிறகே பொருத்துவேன். அரம் எளிதாகக் கடிக்கிற தண்டு புதிய பல்சக்கரத்தோடு ஓராண்டுகூட ஓடாது.